சொந்தத் தோல்

செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கதவை வேட் திறந்தபோது மாரெனுக்குக் குளிர்ந்தது. அவள் அப்போது அந்த அறையில் இல்லை. அந்தக் கட்டடத்திலேயே இல்லை.

நனைந்த புல்வெளிக்கு அந்தப்பக்கம், பெரிய விரிவுரைக் கூடத்தின் கடைசி வரிசையில், ஈரக் கோட்டுகளிலிருந்து கிளம்பிய நாய்வாடைக்கு நடுவே உட்கார்ந்து, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு எப்படி எண்ணெய்ப் படலமாக நெகிழ்ந்து கொடுக்கிறது என்று பேராசிரியர் இழுத்து இழுத்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹீட்டர் முழு மூச்சாக ஓடியது. பக்கத்து இருக்கைக்காரன் வியர்த்துப்போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். அப்படியிருந்தும், தூங்குகிறவள் மேலிருந்து யாரோ போர்வையை உருவியது போல அவள் உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் சில்லிட்டது. பற்கள் தந்தியடித்தன. கொஞ்ச நேரத்தில் சூடு திரும்பியது. ஹீட்டர் சூடு அல்ல. ஈரமான, மூடிவைத்த, லேசாகப் புளித்த சூடு.

போன் அதிர்ந்தது. வேட்தான்.

"உன் பிள்ளைங்களத் தூக்கிப் பாத்தேன். நல்லாக் கொழுத்திருக்கு. அம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கு."

ஆய்வகத்தில் எல்லோரும் அடிக்கும் பழைய நக்கல்தான் அது. செல் வளர்க்கிறவர்கள் அவற்றைப் பிள்ளைகள் என்பார்கள், ஊட்டநீர் மாற்றுவதைச் சாப்பாடு போடுவது என்பார்கள். மாரென் சிரிக்கவில்லை. சட்டைக் கைக்குள் விரலை நுழைத்து, இடது புஜத்தின் உட்பக்கம் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்தாள்.

அவள் உயிர்வேதியியலும் உயிர் இயற்பியலும் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. மலைக்குக் கிழக்கே கோதுமை விளையும் சீமையில் பிறந்து, மேற்கே மழை விடாமல் பெய்யும் ஆல்டர்ஃபோர்டின் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவள். மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. அதற்கு டாக்டர் லோபெலின் பரிந்துரை வேண்டும். அதற்கு அவருடைய ஆய்வகத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். இளங்கலைப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் மரியாதை பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. இயந்திரம் கெட்டால் பழுது பார்க்கவாவது ஆள் வரும்.

அவளை மேய்க்கும் பொறுப்பு வேட் ஹார்லனுக்கு. முனைவர் பட்டம் முடியாமல் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவன். அந்தக் கடுப்பை இறக்கிவைக்க அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மாரெனை அவன் 'கோதுமைக்காரி' என்றுதான் கூப்பிடுவான்.

யாரோ ஒரு கொடையாளியின் தோல் செல்களை வளர்க்கும் வேலை அவளுடையது. செப்டம்பர் கடைசியில் அந்தக் குடுவைக்குள் வெள்ளைப் பூஞ்சை புகுந்து அத்தனையையும் தின்று தீர்த்தது. கையுறை போட்டுக்கொண்டு மூக்கைச் சொறிந்தாளோ என்னவோ, அவளுக்கே தெரியாது. முந்தின வாரம்தான் வேட் சொல்லியிருந்தான்: "இன்னொரு தடவ சொதப்பினே, உன் கோட்டைக் கழட்டி நானே குப்பையில போடுவேன்."

செல் வளர்க்கும் எவருக்கும் முதல் பாதுகாப்பு வகுப்பிலேயே ஒரு விதியைச் சொல்லிக்கொடுப்பார்கள். உன்னுடைய சொந்தச் செல்லை ஒருநாளும் வளர்க்காதே. அடுத்தவன் செல் ஊசி குத்தி உனக்குள் போனால், அந்நியன் என்று உன் உடம்பு அதை அடித்துக் கொன்றுவிடும். நீயே வெளியே எடுத்து, சாகாதபடி மாற்றிவைத்த உன் செல் திரும்பி வந்தால் உடம்பு கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள்.

மாரென் மறக்கவில்லை. தெரிந்தேதான் செய்தாள். புஜத்தில் பனிக்கட்டி வைத்து மரத்துப்போகச் செய்து, வட்டக் கத்தியை அழுத்தித் திருகி, மிளகளவு தோலை எடுத்தாள். அதைப் புதுக் குடுவை ஒன்றில் வளரவிட்டு, கொடையாளியின் பெயர்ச்சீட்டை அதன்மேல் ஒட்டினாள். செல்களைச் சாவை மறக்கவைக்கும் வைரஸ் மரபணுவை, ஆய்வகத்தில் எல்லோரும் செய்கிறபடி, அதற்குள் செலுத்தினாள். யாருக்கும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று அன்று தெருமுனைக் கடையில் ஒரு முழு பீட்சாவைத் தனியாகச் சாப்பிட்டாள்.

புஜத்துப் புண் ஆறவில்லை. சீழ் வைக்கவும் இல்லை. வெட்டிய அன்று இருந்தது போலவே, சுத்தமான சிவப்பு வட்டமாக இருந்தது.

செல்கள் மட்டும் தறிகெட்டு வளர்ந்தன. ஊட்டநீர் ரோஜாச் சிவப்பாக இருக்க வேண்டும். செல்கள் அதை உண்டு கழிவைத் தள்ளத் தள்ள ஆரஞ்சாகி, பட்டினி கிடந்தால் மஞ்சளாகும். அவளுடைய குடுவை ஒவ்வொரு காலையும் மஞ்சளாக நின்றது. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் இறைச்சி ரொட்டியும் வறுத்த உருளைக்கிழங்கும் தட்டு நிறையத் தின்றும் அவளுக்கு வயிறு காந்தியது. செல் வளர்க்கும் ஜன்னலில்லாத சின்ன அறைக்கு வந்து, சாராய நெடி அடிக்கும் கண்ணாடி மேடைக்குள் கையை விட்டு, பழைய நீரைக் குழாய் களகளவென்று உறிஞ்ச, புதுசை ஊற்றினால்தான் பசி அடங்கியது. தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். குளிக்கும்போது தோளிலிருந்து சோப்பு நுரையோடு மெல்லிய தோல் வழுக்கி வந்தபோதும் குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டாள்.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விடுமுறைக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "நான் போட்டுடறேன் உன் பிள்ளைங்களுக்கு. நிம்மதியாப் போய் வான்கோழி தின்னு" என்றான் வேட். அவள் நம்பினாள்.

முதல்நாள் சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கிவிட்டது. வான்கோழி, கிழங்கு மசியல், கிரான்பெர்ரிச் சாறு, பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்பு. எது உள்ளே போனாலும் கல்லைப் போட்ட கிணறு மாதிரி சத்தமில்லாமல் காணாமல் போனது.

"காலேஜ்ல உனக்கு சாப்பாடே போடறதில்லையாடி?" என்று அம்மா இன்னொரு துண்டை வைத்தாள்.

"தட்ட மட்டும் விட்டுடு, அது உங்க பாட்டனாரோடது" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. நாக்கில் புளிப்பு. வியர்வையில் புளிப்பு. படுத்து எழுந்த வெள்ளை விரிப்பில் தலையிலிருந்து கால்வரை அவள் படுத்திருந்த உருவம் கடுகு மஞ்சளில் கறையாகப் பதிந்திருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். மாற்றாமல் விட்ட ஊட்டநீரின் நாற்றம். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த நாற்றம்.

அம்மா தடுக்கத் தடுக்க வண்டியை எடுத்தாள். பனி கொட்டும் மலைப்பாதையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் தன்னுடையவை போலவே இல்லை. பொழுது மங்கும் வேளையில் ஆல்டர்ஃபோர்டில் மழை பெய்துகொண்டிருந்தது. விடுமுறையில் வெறிச்சோடிய தாழ்வாரத்தில் குளிர்பெட்டிகள் மட்டும் முனகின. ஆய்வகத்தில் வேட் மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"வேட், சாப்பாடு போட்டியா?"

"யாருக்கு?"

"என் செல்லுக்கு!"

"அடடே. சுத்தமா மறந்துட்டேன்பா." கவலையே இல்லாத குரல். "செத்தா சாவட்டும், வேற எடுத்துக்கலாம். நீ ஏன் செத்தவ மாதிரி இருக்க?"

அவள் இன்குபேட்டரைத் திறந்தாள். குடுவை முழுக்க மஞ்சள். பழசை உறிஞ்சி எடுத்தாள்; அந்த ஒரு கணம் நுரையீரலுக்குள் காற்றே இல்லை. புதுசை ஊற்றினாள். சிவப்பு நீர் கண்ணாடி அடியில் பரவப் பரவ அவள் தொண்டையிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் இதமாக ஒன்று இறங்கியது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இனிமேல் தற்செயல் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. பயந்தாள். அவ்வளவு பயம் அவளுக்கு அதற்குமுன் இருந்ததில்லை.

வேட் சிப்ஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஆராய்ச்சி உயிர் இயற்பியல். உயிருள்ள செல்லை மயிரிழையைவிட நுண்ணிய ஊசிமுனையால் அழுத்தி, அது எவ்வளவு விறைக்கிறது, எப்போது கிழிகிறது என்று அளப்பது. அந்தக் கருவி இருட்டறையில் இருந்தது. மூன்று நாள் கழித்து, வகுப்பு முடிந்து வந்த மாரென் அந்த அறையின் தொட்டியில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரையின் நீல வெளிச்சத்தில் வேட்டின் முகம் மட்டும் தெரிந்தது.

கழுத்தெலும்புக்கு மேலே சுருக்கென்றது.

அவள் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

மறுபடியும். இந்த முறை நாக்கில். கையிலிருந்த குடுவை நழுவி உடைந்தது.

"என்ன கோதுமைக்காரி, தண்ணி கடிக்குதா?"

"ஒண்ணுமில்ல."

"இப்போ?"

விலாவுக்குள் ஊசி இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. மெதுவாக. நின்றது. அங்கேயே நின்றது. அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள். திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்தபடி அவன் கருவியின் குமிழை இன்னும் ஒரு மயிரளவு திருப்பினான். அவள் அலறினாள்.

"எங்க குத்துச்சு?" டாக்டர் கேட்பது மாதிரி அக்கறையாகக் கேட்டான்.

"எடு. வேட், எடுத்துடு. தயவுசெஞ்சு."

"சட்டைக் கைய மடிச்சுக் காட்டு முதல்ல. எப்பவும் அங்கயே தடவிட்டு இருக்கியே."

காட்டினாள். பிளாஸ்திரியை அவனே பிய்த்தான். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் அவன் முகத்தில் பிறந்தநாள் பரிசைப் பிரிக்கும் பையனின் சந்தோஷம் வந்தது.

"அடிப்பாவி. உன்னோடதையே போட்டுட்டியா? லோபெல்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"பரிந்துரை போச்சு. படிப்பு போச்சு. ஊருக்குப் போய் டிராக்டர் ஓட்டுவ. சொல்லட்டுமா?"

"வேண்டாம்னு சொல்றேன்ல. குடுவைய மட்டும் குடுத்துடு. நான் வச்சுப் பாத்துக்கறேன்."

"குடுக்கறதா? சாகாத செல்லு, குத்தினா அங்க ஒருத்தி கத்தறா. நான் ஆறு வருஷமா இங்க மாடு மாதிரி உழைச்சதுக்கு இதான்டி எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல விஷயம்." அவன் மறுபடி குமிழின்மேல் விரலை வைத்தான். "உக்காரு. பாத்திரம் அப்புறம் கழுவலாம்."

மாணவர் மருத்துவமனைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். பொறுமையாகக் கேட்ட டாக்டரம்மா, "தேர்வு வருதில்ல, இந்தச் சீசன்ல நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும்" என்று மனஅழுத்தம் பற்றிய ஒரு துண்டறிக்கையைக் கொடுத்து அனுப்பினாள்.

அழித்துவிடலாம் என்று நினைத்தாள். வேட் இல்லாத ஒரு மத்தியானம், தன் செல் வளர்ந்த சின்னத் தட்டு ஒன்றைத் தனியே எடுத்து, அதில் ஒரே ஒரு சொட்டு பிளீச் விட்டாள். தட்டில் வெள்ளையாக ஒரு வட்டம் பரவியது. அவள் முதுகில் ஒரு கையகலத்துக்கு வெந்துபோனது. தரையில் புரண்டுகொண்டே, தன்னால் இதைக் கொல்ல முடியாது என்று புரிந்துகொண்டாள். விட்டுவிட்டுப் போகவும் முடியாது. குடுவை யார் கையிலோ, அவளும் அவர்கள் கையில்தான்.

எனவே திருட வேண்டும். மொத்தத்தையும்.

அதற்கு வேட் வழிவிடவில்லை. இன்குபேட்டருக்குப் பூட்டு வந்தது. ஒருநாள் அவளுடைய இடது கால் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து, கட்டையாகி, உணர்வற்றுப் போயின. வேட் திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து புகையோடு கையை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் உறைய வச்சிருக்கேன். ஒருவேளை நீ செத்துட்டா?" என்றான்.

பிறகு அந்த நொதி. கண்ணாடியில் ஒட்டிப் படர்ந்திருக்கும் செல்களை வேறு தட்டுக்கு மாற்ற வேண்டுமானால், அவற்றின் பிடியை அறுத்துக் கழற்றும் ஒரு நொதியை மேலே ஊற்ற வேண்டும். செல் வளர்க்கும் எவரும் தினம் செய்கிற வேலை. முன்பு அவளே செய்திருக்கிறாள். குளிக்கும்போது உரிந்த தோல் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது. ஒவ்வொரு தடவையும் அதிகமாகிக்கொண்டே வந்தது.

"குடுவை ரொம்பிப் போச்சு. பிரிச்சாகணும்" என்றான் வேட்.

"கொஞ்சமா. ரொம்பக் கொஞ்சமாப் பண்ணு."

"பயப்படாதே, ஒரே ஒரு தட்டு."

அன்று விடுதி அறையில் அவள் காலுறையைக் கழற்றினாள். குதிகால் காலுறைக்குள்ளேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வேட் சொன்னதையெல்லாம் செய்தாள். அவன் வகுப்புகளுக்குத் தாள் திருத்தினாள். அவன் துணியைத் துவைத்தாள். காபி வாங்கி வந்து, இன்குபேட்டர் ஓரமாக நின்று, இன்றைக்குச் சாப்பாடு உண்டா என்று கேட்டாள். அவன் சில நாள் போட்டான். சில நாள் போடவில்லை. கெஞ்சுவதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது.

ஜனவரியில் புதுப் பருவம் தொடங்கிய வாரம், ஒரு மத்தியானம் அவள் போனபோது இன்குபேட்டர் பூட்டாமல் இருந்தது. ஓடிப்போய்த் திறந்தாள். தட்டுகள் இல்லை. குடுவை இல்லை. ஈரச் சூடு மட்டும் முகத்தில் அடித்தது.

டாக்டர் லோபெல் தன் அறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், என்னோட செல்லெல்லாம் எங்க?"

"உள்ள வா மாரென். கீழ, வேட்டோட பயிற்சி வகுப்புல இருக்கு. அவன்தான் கேட்டான். முதல் முதலாக் கையில எடுக்கிற பசங்களுக்கு இதுமாதிரி முரட்டுச் செல் கிடைக்காது, என்ன பண்ணாலும் சாக மாட்டேங்குது." அவர் ஒரு துண்டை நீட்டினார். "எல்லாம் உன் கைராசி. பரிந்துரைய இன்னிக்குக் காலையிலதான் அனுப்பினேன். இவ்வளவு நல்லா நான் யாருக்கும் எழுதினதில்ல."

"வகுப்புல இன்னிக்கு என்ன சொல்லித் தர்றாங்க?"

"கழட்டறது எப்படின்னு."

அவள் ஓடினாள். உறைந்த காலை இழுத்துக்கொண்டு. படிக்கட்டு. கைப்பிடி. இன்னொரு படிக்கட்டு. கீழ்த்தளத் தாழ்வாரத்தின் மெழுகு வாசனை.

பயிற்சிக்கூடக் கதவில் அடையாள அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு. அவள் அட்டையை யாரோ பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள்.

கதவில் பதித்த கண்ணாடி வழியே பார்த்தாள். வரிசை வரிசையாகப் பிள்ளைகள். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டுகள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தட்டு. ஒவ்வொருவர் கையிலும் நொதி நிரப்பிய ஒரு குழாய். குனிந்த தலைகள். படிக்கிற பிள்ளைகளின் நல்ல முகங்கள்.

வேட் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். கையை உயர்த்தி ஆட்டினான். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினான்.

"எல்லாரும் ரெடியா? ஒண்ணாவே ஊத்துங்க."

கத்தினாள். தொண்டைக்குள்ளும் மெல்லிய தோல்தான். அது முதலில் கழன்றது. சத்தம் வரவில்லை.

கண்ணாடியை ஓங்கி அறைந்தாள். கை கீழே விழுந்தது. உள்ளங்கைத் தோல் கண்ணாடியிலேயே நின்றது. ரேகைகளோடு. ஐந்து விரல்களோடு.

சட்டைக்குள் ஏதோ சரிந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை. ஈரமாக. மெதுவாக.

கதவிடுக்கு வழியே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ஆர்வமான, கொஞ்சம் பயந்த குரல்.

"வேட், மத்தவங்களுக்கெல்லாம் வந்துடுச்சு. என்னோடதுல மட்டும் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு."

"அவசரமே இல்ல. ஓரத்துல விரலால மெதுவாத் தட்டு. தானாக் கழண்டு வந்துடும்."

அந்தப் பெண் தட்டை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.